1,500 சதுர அடி மனையில் இரண்டு படுக்கையறை வீடு: வரைபடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம்

திருச்சி நகரத்துக்குச் சற்று வெளியே எங்களுக்குக் கிழக்குப் பார்த்த மனை ஒன்று இருக்கிறது. தெருவை ஒட்டி 30 அடி அகலம், உள்ளே 50 அடி நீளம், மொத்தம் 1,500 சதுர அடி. சென்ட் கணக்கில் மூன்றரைக்குச் சற்றே குறைவு. அதில் கட்டப்போகும் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் என் அம்மா, மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், நான் என நான்கு பேர். பொறியாளர் மூன்று வரைபடங்கள் கொடுத்தார். மூன்றிலும் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, இரண்டு கழிப்பறை என்ற கணக்கில் மாற்றமில்லை. கட்டடப் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் செலவிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. சிறிய வீட்டின் வரைபடத்தை அறைகளை எண்ணிப் பார்த்து மதிப்பிடக் கூடாது, கதவுகளையும் அவற்றுக்கிடையே மனிதர்கள் நடக்கும் வழியையும் கொண்டுதான் மதிப்பிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தேன். அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் இடம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். மனையைச் சுற்றி எத்தனை அடி திறந்தவெளி விட வேண்டும் என்பதைத் தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் சுயசான்றிதழ் முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்துவிட்டது. இது நல்ல வசதிதான். ஆனால் முன்கூட்டியே யாரும் வரைபடத்தைத் திருத்திக் கொடுக்கப்போவதில்லை என்பதால், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்துக்கு முழுப் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. நாங்கள் இரு பக்கமும் மூன்றரை அடி, பின்னால் நான்கு அடி, காருக்கும் மாடிப்படிக்குமாக முன்னால் 17 அடி விட்டோம். மீதி 23க்கு 29 அடி, அதாவது 667 சதுர அடி வீட்டுக்கு நின்றது.

இந்த 667 சதுர அடியும் நமக்குக் கிடைப்பதில்லை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். உட்சுவர் நான்கரை அங்குலம், பூச்சோடு சேர்த்தால் ஏறக்குறைய அரை அடி. எல்லா அறைகளின் உள்ளளவையும் கூட்டிப் பார்த்தபோது 555 சதுர அடிதான் வந்தது. 110 சதுர அடிக்கு மேல் சுவர்களுக்கே போய்விட்டது என்றால், ஒரு படுக்கையறை அளவுக்கான இடத்தில் செங்கல் நிற்கிறது என்று பொருள். சிறிய வீட்டில் பூஜைக்கு ஓர் அறை, பொருள் வைக்க ஓர் அறை, உடை மாற்ற ஓர் அறை என்று தடுத்துக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் பூஜைக்கு ஹாலின் வடகிழக்கு மூலையில் ஒரு மர அலமாரி போதும் என்று முடிவு செய்தோம்.

இனி மூன்று வரைபடங்கள். முதலாவதில் முன்னால் ஹால். அதிலிருந்து வீட்டின் பின்பகுதி வரை நடுவில் 3 அடி அகலத்தில் ஒரு நடை. நடையின் இருபுறமும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனிமை கிடைக்கும் என்பதும், விருந்தினர் வந்து அமர்ந்திருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் தம் வேலையைப் பார்க்கலாம் என்பதும் அதன் நற்குணங்கள். ஆனால் அந்த நடையின் நீளம் 17 அடி. 51 சதுர அடி இடத்தை, யாரும் உட்காராத, எந்தப் பொருளும் வைக்க முடியாத, ஜன்னல் இல்லாததால் பகலிலும் விளக்கு எரிய வேண்டிய ஒரு வழிக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. 2,000 சதுர அடி வீட்டில் இது பொருட்டில்லை. எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது வரைபடம்தான் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. நடையே இல்லை. நடுவில் 11க்கு 20 அடியில் பெரிய ஹால், சுற்றிலும் அறைகள், எல்லா அறைக் கதவுகளும் ஹாலில் திறக்கும். காகிதத்தில் பார்க்கும்போது தாராளமாகத் தெரிந்தது. நான் பென்சிலை எடுத்து வாசற்கதவிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும், ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் கழிப்பறைக்கும், அங்கிருந்து பின்வாசலுக்கும் கோடு போட்டேன். ஆறு கதவுகள் நான்கு சுவர்களிலும் சிதறிக் கிடந்ததால் கோடுகள் ஹாலைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிவிட்டன. ஒரு சோபாவை நிம்மதியாகச் சுவரோடு ஒட்டிப் போட ஆறரை அடி நீளத்தில் இடைவெளியற்ற சுவர் வேண்டும். அப்படி ஒரு சுவர் அந்த ஹாலில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அதற்கு நேர் எதிரே கழிப்பறைக் கதவு. அங்கே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவருக்கு முன்னால் வீட்டார் எல்லோரும் நாள் முழுவதும் குறுக்கே நடந்துகொண்டிருப்பார்கள். அது ஹால் இல்லை, பேருந்து நிலையம் என்றேன். பொறியாளர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

மூன்றாவது வரைபடத்தில் ஹால் சிறியது, 11க்கு 16. அதைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் சுருங்கியது. ஆனால் அதன் அமைப்பைக் கவனித்துப் பார்த்தால், மூன்றிலும் அதிகமாகப் பயன்படும் ஹால் அதுதான். வீடு கிழக்கிலிருந்து மேற்காக இரண்டு பட்டைகளாகப் பிரிகிறது. வடக்குப் பட்டையில் முன்னால் ஹால், பின்னால் 11க்கு 11 படுக்கையறை. தெற்குப் பட்டையில் முன்னால் 8க்கு 10 சமையலறை, பின்னால் 10க்கு 10 படுக்கையறை, இரண்டுக்கும் நடுவே எட்டரை அடி இடைவெளி. அந்த இடைவெளியில் ஹாலை ஒட்டி மூன்றரை அடிக்கு ஒரு சிறு முன்னிடம், அதன் பின்னால் தெற்குச் சுவர் வரை அருகருகே இரண்டு கழிப்பறைகள். சமையலறைக் கதவு, பொதுக் கழிப்பறைக் கதவு, தெற்குப் படுக்கையறைக் கதவு ஆகிய மூன்றும் இந்த முன்னிடத்துக்குள் திறக்கின்றன. ஹாலில் தெரிவது முன்னிடத்தின் திறப்பும், அதை ஒட்டியே வடக்குப் படுக்கையறையின் கதவும் மட்டும்தான். இரண்டும் ஹாலின் தென்மேற்கு மூலையில் சேர்ந்து நிற்கின்றன. வாசற்கதவையும் ஹாலின் தெற்கு ஓரமாகவே வைத்துவிட்டால், வாசலிலிருந்து உள்ளே போகும் வழி முழுவதும் தெற்குச் சுவரை ஒட்டிய 3 அடிக்குள் அடங்கிவிடுகிறது. மீதி 8க்கு 16 அடி இடத்தை யாரும் மிதித்துக் கடப்பதில்லை. முன் பாதியில் சோபா, பின் பாதியில் நான்கு பேருக்கான சாப்பாட்டு மேசை என்று போட்டாலும், பண்டிகை நாளில் மேசையை ஒதுக்கிவிட்டுப் பத்துப் பேருக்குத் தரையில் இலை போட்டாலும் இடம் இருக்கிறது.

முன்னிடத்துக்கு 30 சதுர அடி போகிறதே, முதல் வரைபடத்தின் நடையைக் குறை சொல்லிவிட்டு இதை மட்டும் ஏற்கலாமா என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த நடை இரண்டு இடங்களை இணைக்கும் வெறும் வழி. இந்த முன்னிடமோ மூன்று கதவுகளை ஹாலின் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஹாலில் உட்கார்ந்திருப்பவர் திறப்பின் வழியே பார்த்தால் தெரிவது கழிப்பறையின் கதவில்லாத சுவர்; பொதுக் கழிப்பறையின் கதவு அதற்கு இடப்புறம் தள்ளி இருக்கிறது. சிறிய வீட்டில் கழிப்பறைக்குப் போய்வருவதில் இருக்கும் சங்கடம், குறிப்பாக வீட்டுக்கு ஆண்கள் வந்து அமர்ந்திருக்கும்போது பெண்களுக்கு நேரும் சங்கடம், வரைபடம் போடும் ஆண்களுக்கு எளிதில் தோன்றுவதில்லை. இதைச் சுட்டிக்காட்டியது அம்மாதான்.

வாசற்கதவை ஹாலின் தெற்கு ஓரத்தில் வைப்பதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. கிழக்குப் பார்த்த வீட்டுக்கு வாசல் வடக்குப் பாதியில், உச்ச பாகத்தில் இருக்க வேண்டும் என்பது வாஸ்து பார்ப்பவர்களின் நியதி. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வீட்டிலுள்ள மூத்தவர்களின் மனக்குறையோடு ஒரு வாசலை வைப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. டேப்பை வைத்து அளந்து பார்த்தபோது வழி கிடைத்தது. பாதி என்பது ஹாலின் பாதியா, வீட்டின் பாதியா? 23 அடி முகப்பின் நடுப்புள்ளி பதினொன்றரை அடியில் விழுகிறது; தெற்கு ஓரத்தில் கால் அடி தவிர ஹால் முழுவதும் அதற்கு வடக்கே இருக்கிறது. ஆகவே மூன்றரை அடிக் கதவை ஹாலின் தெற்கு ஓரத்தில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தாலும், அது வீட்டு முகப்பின் வடக்குப் பாதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேஸ்திரி அதை ஒப்புக்கொண்டார். மேஸ்திரி ஒப்புக்கொண்டதால் அம்மாவும் ஒப்புக்கொண்டார். தென்கிழக்கான அக்னி மூலையில் சமையலறை, தென்மேற்கான கன்னி மூலையில் படுக்கையறை என்று மற்றவை தாமாகவே பொருந்தியிருந்தன.

மனையடி சாஸ்திரம் கொடுத்த தொல்லை இதைவிடப் பெரியது. அறையின் உள்ளளவு 6, 8, 10, 11 அடி இருக்கலாம். 12, 13, 14, 15 ஆகாது. அடுத்து 16, 17. பெரிய வீட்டுக்கு இது பாதகமில்லை. சிறிய வீட்டில் ஒரு படுக்கையறைக்கு இயல்பான அளவு 12 அடிதான், அதைத்தான் இந்தப் பட்டியல் தடுக்கிறது. 11லிருந்து ஒரே தாவலாக 16க்குப் போக முடியாது என்பதால் எல்லா அறைகளும் 10க்கும் 11க்கும் சுருங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் எந்த ஊரில் சிறிய வீட்டின் வரைபடத்தை எடுத்தாலும் 10க்கு 11 என்ற அளவு மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே 11 அடிக்குள் கட்டில் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. ஐந்துக்கு ஆறரை அடிக் கட்டிலைத் தெற்கே தலைவைத்துப் போட்டு, எதிரே வடக்குச் சுவரில் இரண்டடி ஆழமுள்ள பீரோவை வைத்தால், கட்டிலின் கால்மாட்டுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டரை அடி மிஞ்சுகிறது. பீரோக் கதவைத் திறந்து நின்று துணி எடுக்க அது போதும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: உள்ளளவு என்பது பூச்சு முடிந்த பிறகு இருக்கும் அளவு. பூச்சுக்குச் சுவருக்கு அரை அங்குலம் என்று வைத்து, செங்கலுக்குச் செங்கல் 10 அடி 1 அங்குலம் விடும்படி மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 10 அடி என்று நினைத்த அறை 9 அடி 11 அங்குலமாக நிற்கும்.

காகிதத்தில் பார்த்த அளவுகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று மனைவி சொன்னதால், இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் மூன்றாவது வரைபடத்தின் ஹாலையும் முன்னிடத்தையும் முழு அளவில் வரைந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சோபாவாகவும் ஒரு பாயைச் சாப்பாட்டு மேசையாகவும் வைத்தோம். அம்மா ஒரு குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலிலிருந்து சமையலறை வரை நடந்தார். முன்னிடத்தில் திரும்பும்போது குடம் கோட்டைத் தாண்டியது. அப்போது முன்னிடம் 3 அடிதான். அங்கே அரை அடி கூட்டச் சொல்லி, அதற்கு ஈடாகக் கழிப்பறைகளின் நீளத்தில் அரை அடி குறைத்தது அதற்குப் பிறகுதான். இப்படி வரைந்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: திறந்தவெளியில் வரைந்த அறை எப்போதும் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அஸ்திவாரம் போட்டதும் ‘இவ்வளவுதானா அறை’ என்று எல்லோரும் திகைப்பதும் இதனால்தான். கண்ணை நம்பாமல், குடியிருக்கும் வீட்டின் அறைகளை டேப்பால் அளந்து ஒப்பிட்டுக்கொள்வதே சரி.

சமையலறை முன்னிடத்துக்குள் திறப்பதில் மனைவிக்கு ஒரு குறை இருந்தது. சமைத்துக்கொண்டிருக்கும்போது வாசலுக்கு யார் வந்தார்கள் என்று தெரியாது. குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னிடத்தைச் சுற்றி மேசைக்கு வர வேண்டும். ஹாலுக்கு நேரே இன்னொரு கதவு வைத்தால் முன்பு சொன்ன ஒழுங்கு குலைந்துவிடும். அதனால் சமையலறையின் வடக்குச் சுவரில், மேடைக்கு மேலே, 3 அடிக்கு 3 அடி திறப்பு ஒன்று வைத்து அதற்குத் தள்ளுகதவு போடுகிறோம். பாத்திரங்கள் அதன் வழியே போகும், வாசலும் கண்ணில் படும், தாளிக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளலாம். சமையலறைக்கும் கழிப்பறைகளுக்கும் தெற்குச் சுவரே பொதுவாக இருப்பதால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே வரிசையில் வெளிப்பக்கமாக ஓடும். அடைத்துக்கொண்டால் ஹாலின் தரையை உடைக்க வேண்டியதில்லை.

படுக்கையறைக்குள்ளிருந்தே திறக்கும் இணைப்புக் கழிப்பறை எந்த அறைக்கு என்பது பல வீடுகளில் பேசாமலே முடிவாகிவிடும் விஷயம்; குடும்பத்தலைவரின் அறைக்கு என்று. நாங்கள் அதை அம்மாவும் மகளும் படுக்கும் தெற்கு அறைக்குக் கொடுத்திருக்கிறோம். இரவில் எழுந்து நடக்கும் தேவை அதிகம் இருப்பவர் வயதில் மூத்தவர்தான். அந்தக் கழிப்பறையின் அகலம் நான்கரை அடி. பொதுக் கழிப்பறைக்கு மூன்றரை. பின்னாளில் ஒருவர் உள்ளே வந்து கைபிடித்து உதவ வேண்டியிருந்தாலும் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்றத்தாழ்வு. வாசற்படி மேடு இல்லாமல், தரைச் சரிவால் மட்டும் தண்ணீரை நிறுத்தும்படி சொல்லியிருக்கிறோம்.

இந்த வரைபடத்தின் பலவீனம், இரண்டு படுக்கையறைகளும் மேற்கில் இருப்பது. திருச்சி வெயிலில் ஒன்பது அங்குல மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் விடும். அதே மேற்கிலிருந்துதான் ஆடிக் காற்றும் வருகிறது என்பதால் அந்தப் பக்கத்தை மூடவும் முடியாது. அம்மாவின் அறையில் மேற்குச் சுவரில் 3 அடிக்கு ஒரு ஜன்னலும், மீதி நீளத்துக்குத் தரையிலிருந்து பரண் வரை சுவர் அலமாரியும் வைக்கிறோம். துணிமணி அடுக்கிய அலமாரி சூட்டுக்கு ஒரு தடுப்பு. அவருடைய கட்டில் உட்சுவரை ஒட்டி இருக்கும். மேற்கு ஜன்னல்களுக்கு இரண்டரை அடி சன்ஷேடு. வடக்கு ஜன்னல்களுக்கு வெயில் வராது என்று நினைத்துச் சன்ஷேடைச் சிறிதாக்குவோர் உண்டு. ஆனால் திருச்சியில் ஏறக்குறைய ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அங்கும் இரண்டடி வேண்டும். காற்று ஹாலைக் கடந்து கிழக்கு ஜன்னல் வழியே வெளியேற வேண்டுமானால் படுக்கையறைக் கதவு திறந்திருக்க வேண்டும், இரவில் அது நடக்காது. அதனால் ஒவ்வோர் உட்கதவுக்கும் மேலே திறந்து மூடும் வெண்டிலேட்டர் வைக்கிறோம். பழைய வீடுகளில் எல்லாம் இருந்த இதை ஏன் கைவிட்டோம் என்று தெரியவில்லை.

கடைசியாக மாடிப்படி. பத்தடி உயரத்துக்கு ஏழு அங்குலப் படி 17 வேண்டும். பத்து அங்குல மிதியோடு நடுவில் திரும்பும் படி ஏறக்குறைய ஆறரைக்கு 10 அடி இடம் கேட்கிறது. வீட்டுக்குள் வைத்தால் ஒரு சமையலறை அளவு இடம் போயிருக்கும். வெளியே, சமையலறையின் கிழக்குச் சுவருக்கு முன்னால் வைத்ததில் அந்த இடம் தப்பியது. சமையலறை கிழக்கு ஜன்னலை இழந்தது. அடுப்பு மேடை கிழக்குச் சுவரில்தான் வருகிறது, தெற்கில் ஜன்னலும் வெளிக்கதவும் இருக்கின்றன என்பதால் இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். படிக்கு அடியில் துவைக்கும் இயந்திரமும் மோட்டார் சுவிட்சும். தூண்களையும் அஸ்திவாரத்தையும் மேலே இன்னொரு தளம் தாங்கும்படி போடச் சொல்லியிருக்கிறோம். எப்போதாவது மாடியில் கட்டி வாடகைக்கு விட்டால், குடி வருபவர்கள் எங்கள் ஹாலுக்குள் கால் வைக்காமலே தெருவிலிருந்து நேராக மேலே ஏறிப் போகலாம்.